குழந்தை ஒன்றுக்குப் போகும்வரை

போன மாதம் ஒரு காலை, வில்லியனூர் சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கலைவாணி. புதுச்சேரியில், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் நான் கடைசியாக வேலை பார்த்த சுகாதார நிலையத்தில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் லேப் டெக்னீஷியன். குரலில் அழுகையும் கோபமும் பாதிப் பாதி.

"சார், ரெண்டு மணி நேரமா ஒரு கொழந்த முன்னாடி குந்திக்கினு இருக்கேன். ஒன்னுக்கே போவ மாட்டேங்குது. பாட்டில குடுத்துட்டு வந்தா அவங்களே புடிச்சு வெக்க மாட்டாங்களா? ரிஜிஸ்டர்ல 'கண்ணால் பார்த்து எடுத்தது'ன்னு ஒரு கட்டம் இருக்குதே, எந்தப் புண்ணியவான் சார் இத்த கொண்டாந்தது?"

"நான்தாம்மா" என்றேன்.

முருங்கைக்காய்க்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

போனில் சொல்லி முடிகிற கதை இல்லை இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கலைவாணியின் அவசரத்துக்கு அப்போதே ஒரு யோசனை சொன்னேன்: குழந்தைக்கு முதலில் பால் கொடுக்கச் சொல், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

என் பெயர் ஞானப்பிரகாசம். படிப்பில் நான் பெரிய சூரன் இல்லை. லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்தேன், கொஞ்ச காலம் ஒரு தனியார் லேபில் ஊசி குத்தப் பழகினேன், பிறகு அரசாங்க வேலை. முப்பது வருடத்துக்கு மேல் இந்தப் பக்கத்து ஜனங்களின் ரத்தம், சளி, சிறுநீர் எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனால் முகத்தைப் பார்க்கும்போதே அவர்களுடைய சர்க்கரை அளவு ஞாபகம் வரும். வெளியில் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

வேலை தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் டாக்டர் அமுதவல்லி எங்கள் நிலையத்துக்கு வந்தார். ஒல்லியான உருவம், தாழ்ந்த குரல். யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. தப்பு என்று தோன்றினால் ஒரே ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டு மேசை டிராயரிலிருந்து பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்துவிடுவார். நாம் பதில் சொல்லும்வரை சீவுவார். பதில் தாமதமானால் பென்சில் குட்டையாகிவிடும். திட்டு வாங்குவதே தேவலை என்று இருக்கும்.

அவர் வந்த முதல் மாதம், ஒரு கைக்குழந்தையின் ரத்தச் சோதனை முடிவை எடுத்துக்கொண்டு அவர் அறைக்கு ஓடினேன். ஒரு வைரஸை எதிர்க்கும் ஆன்டிபாடி குழந்தையின் ரத்தத்தில் நிறைய இருந்தது.

"டாக்டர், பாசிட்டிவ். குழந்தைக்கு நோய் இருக்குது."

"இந்த ஆன்டிபாடி யாரோடது?"

"குழந்தை ரத்தம்தான் டாக்டர், நானே எடுத்தேன்."

"ரத்தம் குழந்தையோடது. ஆன்டிபாடி யாரோடது?"

பென்சில் சீவும் சத்தம்.

அப்புறம் அவரே சொன்னார். தாய் தன் வாழ்நாளில் கண்ட நோய்களுக்கெல்லாம் அவள் உடம்பு சேர்த்து வைத்திருக்கும் எதிர்ப்பு, வயிற்றில் இருக்கும்போதே குழந்தைக்கு இறங்கிவிடும். "தாய் வீட்டுச் சீர் மாதிரி ஞானப்பிரகாசம். பெண்ணோட வீட்டுல அண்டா இருக்குதுன்னா அதை அவ சம்பாதிச்சான்னு அர்த்தம் இல்ல. அம்மா குடுத்து அனுப்பினது. பல மாசம் தாங்கும், அப்புறம் தீர்ந்துடும்." குழந்தைக்கே தொற்று இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், எதிர்ப்பைத் தேடக் கூடாது, கிருமியையே தேட வேண்டும். அந்தக் குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று பிறகு தெரிந்தது. நான் அவசரப்பட்டு அதன் அப்பாவிடம் வாயைத் திறந்திருந்தால் அந்தக் குடும்பம் என்ன பாடு பட்டிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

இனி நல்லவாட்டுக் கதைக்கு வருகிறேன்.

சுகன்யாவுக்குக் கடற்கரை மீனவ ஊரான நல்லவாடு தாய் வீடு. கட்டிக்கொடுத்தது கரிக்கலாம்பாக்கத்தில். முதல் பிரசவத்துக்கு நல்லவாட்டில் அண்ணன் சேகர் வீட்டுக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை, எடை கொஞ்சம் குறைவு. பிறந்ததும் செய்யும் காது சோதனையில் குழந்தை தேறவில்லை. காதில் அழுக்கு இருக்கும், மறுபடி பார்க்கலாம் என்றார்கள். பன்னிரண்டாம் நாள் மறுபடி பார்த்தார்கள். இரண்டு காதிலும் திருப்தி இல்லை.

அந்தச் சீட்டைப் பார்த்ததும் டாக்டர் அமுதவல்லி சொன்ன பெயர் சி.எம்.வி. என்ற வைரஸ். கர்ப்பிணிக்கு வந்தால் சின்ன சளிக்காய்ச்சல் மாதிரி வந்து போய்விடும், பலருக்கு வந்ததே தெரியாது. ஆனால் சில சமயம் வயிற்றுப் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பிறந்த குழந்தையின் உடம்பு கிருமியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. சண்டை போடத்தான் செய்கிறது. ஆனால் தனக்கு முன்னாலேயே வந்து குடியேறிவிட்ட ஆளைக் கிளப்பும் பழக்கம் அதற்கு இன்னும் வரவில்லை. அதனால் கிருமி சிறுநீரிலும் எச்சிலிலும் வருடக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலான குழந்தைகள் ஒரு கெடுதலும் இல்லாமல் வளர்ந்துவிடும். சில குழந்தைகளுக்குக் காது போகும்.

எங்களுக்கு நெருக்கடி நாள் கணக்கில். பிறந்து மூன்று வாரத்துக்குள் எடுத்த சிறுநீரில் கிருமி இருந்தால், அது வயிற்றிலேயே வந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு என்றால், தாய்ப்பாலில் வந்ததா, யாரோ கொடுத்த முத்தத்தில் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. மருந்தையும் முதல் மாதத்துக்குள் ஆரம்பித்தால்தான் காதுக்கு நல்லது. ஆனால் அந்த வீட்டில் முப்பது நாள் முடியாமல் குழந்தையை வாசல் தாண்ட விடமாட்டார்கள். இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதே தப்பு என்று தெருவில் பேச்சு. "நீங்க போய் எடுத்துட்டு வாங்க" என்றார் டாக்டர்.

பதினாறாம் நாள், சனிக்கிழமை. ஐஸ் பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போனேன்.

குழந்தையிடம் சிறுநீர் எடுக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் பை உண்டு. வாய்ப்பக்கம் பிசின் தடவியிருக்கும். துடைத்து, ஈரம் போக உலர்த்தி, ஒட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒட்டினேன். காத்திருந்தேன். குழந்தை காலை உதைத்தது, பை கழன்றது. இரண்டாவது பை. குழந்தை அதில் வேறு வேலையைப் பார்த்து வைத்தது. மூன்றாவது பையை ஒட்டும்போது பிசின் பட்ட இடம் சிவந்து, குழந்தை வீறிட்டது. சுகன்யாவும் கூடவே அழுதாள்.

மணி ஒன்பது. தெருக்கோடியில் படகுகள் வந்து இறங்கும் சத்தம் கேட்டது. மறுநாள் ஞாயிறு. மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்தால் எங்கள் வீட்டில் மீன்குழம்பு, அதில் மாற்றமே கிடையாது. உண்மையை எழுத வேண்டும் என்றால் எழுதித்தான் ஆக வேண்டும்: நான் மீன் வாங்கப் போனேன்.

"ஒரு பத்து நிமிஷம் சேகர். பை நிறைஞ்சா பாட்டில்ல ஊத்தி வை."

"நீங்க போய்ட்டு வாங்க சார், நான் பாத்துக்கறேன்."

பத்து நிமிடம் அரை மணி ஆயிற்று. கண்ணாடி மாதிரி சங்கரா மீன், பேரம் பேசாமல் வர மனசு வரவில்லை. திரும்பி வந்தால், பாட்டில் முக்கால்வாசி நிறைந்து ஜன்னல் மேல் இருந்தது. குழந்தை தூங்கியது. சுகன்யா முகத்தில் நிம்மதி. சேகர் சிரித்தபடி நின்றான். எனக்கு வந்த சந்தோஷத்தில் பாட்டிலைத் தூக்கி ஐஸ் பெட்டியில் வைத்து, பெயர் எழுதி ஒட்டி, வண்டியைக் கிளப்பிவிட்டேன். நிலையத்துக்கு வந்து வழக்கம்போல ஒரு சொட்டில் சோதனைப் பட்டையை நனைத்து நிறம் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதினேன். மீதியைப் புதுச்சேரியில் உள்ள பெரிய லேபுக்கு அனுப்பினேன். மறுநாள் குழம்பு பிரமாதம்.

செவ்வாய் காலை முடிவு வந்தது. கிருமி இல்லை.

நர்ஸ்கள் கை தட்டினார்கள். சுகன்யாவின் புருஷன் பிரபுவுக்கு நான்தான் போன் செய்து சொன்னேன். ஃபேக்டரியில் மெஷின் சத்தத்துக்கு நடுவே "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று அவன் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. போனை வைத்துவிட்டு முடிவை ரிஜிஸ்டரில் ஏற்ற உட்கார்ந்தேன். பக்கத்திலேயே சனிக்கிழமை நான் எழுதிய பட்டை முடிவு. அடர்த்தி என்ற கட்டத்தில் என் கையெழுத்தில் ஓர் எண்.

பால் மட்டும் குடிக்கும் பதினாறு நாள் குழந்தையின் சிறுநீர் கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரி இருக்கும். சிறுநீரகம் இன்னும் கெட்டியாக வடிக்கப் பழகியிருக்காது. நான் எழுதியிருந்த எண், வெயிலில் ஓடி விளையாடிவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் வந்த பிள்ளையின் எண். முக்கால் பாட்டில் வேறு. இத்தனூண்டு குழந்தை ஒரு தடவையில் அவ்வளவு போகுமா? சேகரின் மூன்று வயசுப் பையன் அன்று ஜட்டி இல்லாமல் வீடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது.

அந்த எண்ணை வேறு யாரும் திருப்பிப் பார்க்கப் போவதில்லை. எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். நான் வாயை மூடிக்கொண்டால் என் மானம் தப்பும். அப்படி ஒரு நிமிடம் நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் அன்று பத்தொன்பதாம் நாள். இரண்டே நாள் மிச்சம். ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன்.

எண்ணைப் பார்த்தார். "இதை நீங்க எடுத்தீங்களா?"

"பாட்டில்ல ஊத்தினது நான் இல்ல டாக்டர்."

"நீங்க எங்க இருந்தீங்க?"

பென்சில் வெளியே வந்தது. இந்தத் தடவை நான் அது குட்டையாகும்வரை விடவில்லை.

"மீன் வாங்கப் போயிருந்தேன் டாக்டர்."

சீவுவது நின்றது.

"என்ன மீன்?"

"சங்கரா."

"ம்" என்றார். எழுந்து கைப்பையை எடுத்தார். "ஜீப்பைக் கூப்பிடுங்க. நானும் வரேன்."

நல்லவாட்டில் எங்களைப் பார்த்ததும் சேகரின் சிரிப்பு பாதியில் நின்றது. டாக்டர் தரையில் பாயில் உட்கார்ந்தார், குழந்தையை மடியில் வாங்கினார், கொஞ்சினார். அப்புறம் சாதாரணமாகக் கேட்டார்: "சேகர், அன்னைக்குப் பாட்டில்ல இருந்தது யாரோடது?"

அவன் மென்று விழுங்கினான். "பாப்பா ரொம்ப அழுதுச்சு மேடம். பிசின் ஒட்டின எடம்லாம் செவந்து பூடுச்சி. சார் வேற பாவம், காத்தாலேர்ந்து குந்திக்கினு இருந்தாரு. எம்புள்ள கரெக்டா ஒன்னுக்கு வருதுன்னான். எல்லாம் ஒரே வூட்டு ரத்தம்தானே மேடம், யாரோடதா இருந்தா இன்னான்னு..."

"அடப்பாவி அண்ணா!" சுகன்யா கையில் இருந்த துணியை அவன்மேல் வீசினாள். "எம்பொண்ணுக்கு ஒன்னுமில்லன்னு ரெண்டு ஊருக்கும் சொல்லிட்டாரே எங்க வூட்டுக்காரரு!"

டாக்டர் கையமர்த்தினார். "சேகர், உங்க அண்ணன் தம்பி நாலு பேர் படகு வந்து நிக்குது. ஒரு படகுல எவ்ளோ மீன் விழுந்துச்சுன்னு கேட்டா, பக்கத்துப் படகுல எட்டிப் பார்த்துச் சொல்லுவீங்களா?"

"அது எப்படி மேடம்? அது வேற படகு."

"இதுவும் வேற படகுதான்."

அவன் தலையைச் சொறிந்தான். புரிந்துவிட்டது. பாசத்தில் செய்த காரியம், அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. என்மேல்தான் வந்தது.

அன்று பை ஒட்டவில்லை. பால் கொடுக்கச் சொல்லி, இருபது நிமிடம் விட்டு, குழந்தையின் அக்குளில் கைகொடுத்து நிற்கிற மாதிரி தூக்கிப் பிடிக்கச் சொன்னார் டாக்டர். சேகர் பிடித்தான், அது அவனுக்குத் தண்டனை. டாக்டர் இரண்டு விரலால் அடிவயிற்றில் மெதுவாகத் தட்டினார், பிறகு இடுப்புக்குப் பின்னால் கட்டை விரலால் வட்டமாகத் தேய்த்தார், மறுபடி தட்டினார். நான் பாட்டிலோடு மண்டியிட்டிருந்தேன். முதல் தடவை நான் பாட்டிலை நீட்டுவதற்குள் எல்லாம் டாக்டர் புடவையில் போய்விட்டது. வீடே சிரித்தது, டாக்டரும் சிரித்தார். மறுபடி பால், மறுபடி காத்திருப்பு. வெளியே மீன் ஏலம் நடந்தது. நான் தலையைத் திருப்பவில்லை. ஒரு மணி நேரம் கழித்து முதலில் நாலைந்து சொட்டு வந்து, பிறகு மெல்லிய கோடாக விழுந்தது. பாட்டில் அடியில் இரண்டு விரற்கடைகூட இல்லை. தண்ணீர் நிறம். அதைப் பார்க்க எனக்கு ஆனந்தம்.

ஜீப்பை வேறு வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நானே பஸ்ஸில் புதுச்சேரிக்குப் போனேன். நல்லவாடு ஸ்டாப்பில் ஏறியவன் மடியில் ஐஸ் பெட்டி.

"இன்னா சார், மீனா?" என்றார் கண்டக்டர்.

"ஐயோ, மீன் பேச்சே எடுக்காதப்பா" என்றேன்.

வியாழக்கிழமை முடிவு வந்தது. கிருமி இருந்தது.

பிரபுவுக்கு மறுபடி நானே போன் செய்தேன். இல்லை என்று சொன்ன வாய்தான் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். அவன் கத்தவில்லை, திட்டவில்லை. "காது வந்துடுமா சார்?" என்று மட்டும் கேட்டான். தெரியாது, ஆனால் நாள் தவறாமல் பிடித்துவிட்டோம் என்றேன். போனை வைத்ததும் ரிஜிஸ்டரில் கோடு கிழித்து, 'கண்ணால் பார்த்து எடுத்தது' என்று ஒரு புதுக் கட்டம் போட்டேன்.

ஆறு மாதம் மருந்து. கிருமியை அடக்கும் அந்த மருந்து, கூடவே குழந்தையின் வெள்ளணுக்களையும் குறைக்கும். அதனால் முதலில் வாரா வாரம், பிறகு மாதா மாதம் ரத்தம் எடுத்து அணுக்களை எண்ண வேண்டும். குதிகாலை வெந்நீர்த் துணியில் கதகதப்பாக்கி, ஓரமாகக் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டிலிருந்து எடுப்பேன். மெஷின் சொல்லும் எண்ணிக்கை போதாது என்று ஸ்லைடு போட்டு மைக்ராஸ்கோப்பிலும் எண்ணுவேன். ஆறாவது வாரம் ஒரு வகை வெள்ளணு சரசரவென்று இறங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கள் மருந்தைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவது வாரம் ஸ்லைடில் ஒவ்வொன்றாகத் தலை காட்டின. சத்தம் போட்டு எண்ணினேன். பக்கத்து அறையிலிருந்து நர்ஸ்கள் எட்டிப் பார்த்தார்கள்.

குழந்தைக்குத் தர்ஷினி என்று பெயர் வைத்தார்கள். கரிக்கலாம்பாக்கத்துக்குப் போனாள், தவழ்ந்தாள், நடந்தாள். இடது காது ஏறக்குறைய போய்விட்டது. வலது காது தப்பித்து நின்றது. ஆனால் இந்தக் கிருமி உள்ளே இருக்கிற பிள்ளைகளுக்குப் பிறகும் காது மங்கலாம், அதனால் சில மாதத்துக்கு ஒரு தடவை சோதனை. ஒவ்வொரு தடவையும் சுகன்யா என்னிடம் வந்து சீட்டைக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் முன்பு, தர்ஷினிக்கு இரண்டரை வயது. சோதனை அறையில் அழுது புரண்டு, காதில் எதையும் வைக்கவிடாமல் செய்துவிட்டாள். அடுத்த தேதி தள்ளிப் போயிற்று. சுகன்யா வந்து நின்றாள், கண்ணெல்லாம் வீங்கி. "சார், இப்பல்லாம் கூப்ட்டா திரும்பவே மாட்டேங்குறா. வெளையாட்டு மும்முரமா, இல்ல அந்தக் காதும் பூடுச்சா, தெர்ல சார்." டாக்டர் சமாதானம் சொல்லி அனுப்பினார்.

என் பணி நிறைவு நாளன்று நிலையத்து முற்றத்தில் பந்தல் போட்டார்கள். சேகர், சுகன்யா, பிரபு எல்லோரும் வந்திருந்தார்கள். தர்ஷினி முதல் வரிசையில் அம்மா மடியில், கையில் ஒரு லட்டு. என்னைப் பேச அழைத்தார்கள். மைக்கை வாங்கி வாயருகே கொண்டுபோனேன். அது ஸ்பீக்கருக்கு நேராக வந்துவிட்டது போலிருக்கிறது. கீச்சென்று ஊளையிட்டது.

தர்ஷினி லட்டைத் தூக்கிப் போட்டாள். முகத்தைச் சுளித்து, வலது உள்ளங்கையால் வலது காதைப் பொத்திக்கொண்டாள். அந்த ஒரு காதைத்தான்.

நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து மைக்செட்காரரிடம் போனார்.

"தம்பி, அதை இன்னொரு தடவை பண்ணுங்க."

"எத்த மேடம்?"

"அந்தச் சத்தத்தை."

மைக்செட்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மைக்கை மறுபடி ஸ்பீக்கர் பக்கம் நீட்டினேன். பந்தலில் இருந்தவர்கள் எல்லாம் முகத்தைச் சுளித்தார்கள். தர்ஷினி மறுபடி அதே காதைப் பொத்திக்கொண்டு, என்னை நேராகப் பார்த்துக் கத்தினாள்:

"தாத்தா, நிறுத்து!"

சுகன்யா அழுதுகொண்டே சிரித்தாள். பிரபு குழந்தையை வாரி எடுத்துக்கொண்டான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை. குழந்தை சொன்னபடியே மைக்கை நிறுத்திவிட்டு இறங்கினேன்.